முதலாளிக்குத் தனி அறை

அன்று காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஏகமனதாக. எதிர்ப்பே இல்லை. குளியலறையில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

தீர்மானம் இதுதான்: எங்கள் கட்டிலில் அத்துமீறிக் குடியேறி, நடுப்பகுதியைக் கைப்பற்றி, என்னை ஓரத்துக்குத் தள்ளிவிட்ட நபரை உடனடியாக அங்கிருந்து வெளியேற்ற வேண்டும். அந்த நபருக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை. கீழ்வரிசையில் இரண்டே பல். ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போடமாட்டாள். ஆனால் வீட்டில் மற்ற எல்லோரும் அவளுக்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம். அதனால் என் மகளுக்கு நான் வைத்த செல்லப் பெயர் முதலாளி.

முதலாளிகளைச் சமாளிப்பதுதான் என் பிழைப்பு. கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் தொழிலாளர் சங்கச் செயலாளர் நான். என்னைப் பார்த்தால் எங்கள் மேனேஜருக்கு இருமல் வந்துவிடும். பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டால் இருமுவார். நான் அவசரப்படமாட்டேன். இருமி முடிக்கும்வரை பொறுத்திருந்து, தண்ணீர் எடுத்துக் கொடுத்து, அதே கேள்வியைத் திரும்பக் கேட்பேன். உலைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு மின்விசிறி வந்தது அப்படித்தான்.

வீட்டில் நிலைமை வேறு. என் மனைவி பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். இப்போது குழந்தைக்காக விடுப்பில் இருக்கிறாள். வாயைத் திறந்து வைத்திருக்கிறவனை ஒரு வார்த்தை பேசவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் தொழில். விடுப்பில் இருந்தாலும் தொழிலை மறக்கவில்லை.

கட்டில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலில் சுவர். அடுத்து மனைவி. அடுத்து முதலாளி. அடுத்து நான். அதற்கு அடுத்து தரை. நானும் தரையும் அண்டை வீட்டுக்காரர்கள். அடிக்கடி போய் வந்துகொண்டிருந்தோம்.

விழுவது எனக்குப் பெரிய விஷயமில்லை. எனக்கு இருந்த குறை வேறு. குழந்தை பிறப்பதற்கு முன்னால் விளக்கை அணைத்த பிறகு நாங்கள் பேசிக்கொண்டே படுத்திருப்போம். பகலில் பேச ஆயிரம் விஷயம் இருந்தாலும் இருட்டில் பேசும் பேச்சு தனி. அன்றைக்கு எந்த நோயாளி நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கத்தினார் என்று அவள் சொல்வாள். மேனேஜர் எந்த இடத்தில் இருமினார் என்று நான் இருமிக் காட்டுவேன். அவள் சிரிப்பாள். சத்தமில்லாமல், கட்டில் குலுங்குகிற மாதிரி. அந்தக் குலுக்கலில்தான் எனக்குத் தூக்கமே வரும்.

இப்போது நான் வாயைத் திறந்தால் இருட்டிலிருந்து வருவது ஒரே ஒரு சத்தம்: "ஷ்ஷ்." பகலில் என்றால் குழந்தை விழித்திருக்கும், பேச நேரமில்லை. இரவில் குழந்தை தூங்கும், பேச அனுமதியில்லை. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு மனைவிக்காக ஏங்குகிறவன் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? நான் ஏங்கினேன். கைநீட்டினால் தொடும் தூரத்தில் அவள் இருந்தாள். நடுவில் முதலாளி இருந்தாள். கை நீட்டினால் முதலாளி விழித்துக்கொள்வாள்.

இந்த நேரத்தில்தான் தடுப்பூசிக்காகக் குழந்தை டாக்டரிடம் போனோம். ஊசி போட்டு, அழுகை அடங்கி, டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"பாப்பா எங்க தூங்குது?"

"எங்க நடுவுலதான் டாக்டர்" என்றாள் மனைவி.

"உங்க ரூம்லயே இருக்கட்டும். ஆனா தனிப் படுக்கையில போடுங்க. கெட்டியான மெத்தை. தலகாணி, போர்வை ஒண்ணும் உள்ள வேண்டாம். ஒரு வயசு ஆகுற வரைக்குமாவது அப்படிப் பண்ணுங்க. அதுதான் பத்திரம்."

எழுந்து கை தட்டாததுதான் குறை. நான் தேடிக்கொண்டிருந்த ஆதரவு, ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது.

வெளியே வந்ததும் ஆரம்பித்தேன். "கேட்டியா? தனிப் படுக்கையாம்."

"கேட்டேன் கேட்டேன். ராத்திரி எத்தனை தடவை அது முழிச்சுப் பாக்குதுன்னு டாக்டருக்குத் தெரியுமா? என் கை மேல பட்டாப் போதும், திரும்பித் தூங்கிடும். தனியாப் போட்டா நான்தான் எந்திரிச்சு எந்திரிச்சு ஓடணும்."

"பத்திரம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"எங்க அம்மா எங்க எல்லாரையும் பக்கத்துல போட்டுத்தான் வளத்தாங்க."

"உங்க அம்மா டாக்டரா?"

"டாக்டர் என்ன நம்ம கட்டில்லயா படுக்கறாங்க?"

இதற்கு எந்தப் பதில் சொன்னாலும் ஆபத்து. நான் குடையை விரித்தேன். மழை இல்லை.

வீட்டு வாசல்படி ஏறும்போது அவள் நின்றாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. என் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. பாப்பாவோட பத்திரத்துக்காகத்தான் கேக்கறீங்களா?"

"பின்ன வேற எதுக்கு?"

"வேற ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமே இல்ல."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாவியை எடுத்தாள். நான் அப்போதே விஷயத்தைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பேச்சுவார்த்தையில் சொந்த ஆசையை வெளியே காட்டக்கூடாது. அது எங்கள் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவனுக்குக்கூடத் தெரியும். "எனக்கு வேர்க்கிறது" என்று சொன்னால் மேனேஜர் கைக்குட்டை கொடுப்பார். "தொழிலாளர்களின் உடல்நலம்" என்று சொன்னால்தான் மின்விசிறி வரும்.

மறுநாள் மாலை பக்கத்து வீட்டுக் கம்பவுண்டரிடம் ஆலோசனை கேட்டேன். மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். மூன்று பிள்ளைகளின் தகப்பனார். அவருடைய பால்கனிக்கும் எங்கள் பால்கனிக்கும் நடுவில் ஒரு கைப்பிடிச் சுவர்தான்.

"என் பிள்ளைங்க மூணும் எங்ககூடத்தான் படுத்துச்சுங்க தலைவரே" என்றார். "மூத்தவனுக்கு மீசை அரும்புற வரைக்கும்."

"எல்லாரும் ஒரே கட்டில்லயா?"

"எல்லாரும்."

"அப்ப நீங்க?"

"நான் சாப்பாட்டு மேசைக்கு அடியில."

உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "அங்க என்ன குறைச்சல்? ஜன்னல் காத்து நேரா வரும்!"

கம்பவுண்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "காத்து வரும் தலைவரே. அதை மறுக்க முடியாது. ஆனா காத்துகிட்ட எவ்வளவு நேரந்தான் பேசிட்டு இருக்கறது?"

அந்த மனிதரின் கண்ணில் என் எதிர்காலத்தைப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையின் நான்கு கால்களும் தெரிந்தன. இனித் தாமதிக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பேச்சுவார்த்தையில் எனக்கு ஒரு வழி உண்டு. வேண்டியதைக் கேட்கவே கூடாது. அதற்கு மேலே கேட்க வேண்டும். மின்விசிறி வேண்டுமென்றால் ஏ.சி. கேட்க வேண்டும். எதிர்த்தரப்பு குதிக்கும். மேசையைத் தட்டும். இருமும். நாம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்து, பெரிய மனது பண்ணி மின்விசிறிக்குச் சம்மதிக்க வேண்டும். அவர்களுக்கும் ஜெயித்த திருப்தி, நமக்கும் காற்று.

எனக்கு வேண்டியது, எங்கள் அறையிலேயே கட்டிலின் கால்மாட்டில் குழந்தைக்கு ஒரு தனிப் படுக்கை. ஆகவே நான் கேட்க வேண்டியது, குழந்தைக்குத் தனி அறை. அவள் குதிப்பாள். அழுவாள். அம்மாவுக்குப் போன் போடுவாள். நான் இறங்கி வந்து, "சரி, உனக்காகக் கால்மாட்டுக்கு ஒத்துக்கறேன்" என்பேன். திட்டத்தில் ஓட்டையே இல்லை. கண்ணாடி முன்னால் நின்று, இறங்கி வருகிற முகத்தைக்கூடப் பழகிப் பார்த்தேன்.

அவள் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பாப்பா விஷயமா ஒரு முடிவுக்கு வந்திருக்கேன்."

"சொல்லுங்க."

"பாப்பாவுக்குத் தனி அறை வேணும்."

"எந்த அறை?"

"பின்னாடி அறை."

ஒரு துணியை மடித்து முடித்தாள். அதன் மேல் இன்னொன்றை வைத்தாள்.

"சரி" என்றாள் மனைவி.

"என்னது?"

"சரிங்க."

"அவசரப்படாத. யோசிச்சு சொல்லு."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

"வேணும்னா உங்க அம்மாவைக் கேட்டுக்க."

"அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் வாயில் அந்த வாக்கியம் வந்ததே கிடையாது. எதிர்த்தரப்பு முதல் கோரிக்கையையே அப்படியே ஒப்புக்கொண்டால் அடுத்து என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இறங்கி வரத் தயாராக ஏறி நின்றவனிடமிருந்து ஏணியை எடுத்துவிட்டாள்.

"கால்மாட்டுல போட்டாக்கூட எனக்குச் சம்மதம்தான்" என்றேன், மெதுவாக.

"சேச்சே! பாப்பாவோட பத்திரத்துல போய் விட்டுக்கொடுப்பீங்களா? தனி அறைதான் சரி. என்னிக்கு ஒழிச்சுத் தரீங்க?"

ஒழித்தேன். நான்தான் ஒழித்தேன். பின்னறையில் காற்றுப்போன சைக்கிள் இருந்தது, சுற்றாத மேசை விசிறி இருந்தது, பூட்டு இருந்து சாவி இல்லாத பெட்டி இருந்தது. எல்லாவற்றையும் மாடிப்படிக்கு அடியில் சுமந்துபோய் வைத்தேன். சுவரைத் துடைத்தேன். தரையைக் கழுவினேன். கம்பவுண்டர் வீட்டிலிருந்து, சுற்றிலும் மரச்சட்டம் வைத்த குழந்தைக் கட்டிலைத் தூக்கி வந்தேன். அவருடைய மூன்று பிள்ளைகளும் ஒரு நாள்கூட அதில் படுத்ததில்லை. துவைத்த துணியும் பழைய செய்தித்தாளும்தான் படுத்திருந்தன. ஆணிகளை முடுக்கி, சட்டம் ஆடுகிறதா என்று உலுக்கிப் பார்த்து, டாக்டரம்மா சொன்ன மாதிரியே புதிதாகக் கெட்டியான மெத்தை போட்டேன்.

"விருந்தாளி வந்தா போடுற பெரிய மெத்தையையும் எடுத்துட்டு வந்து கீழ விரிச்சிடுங்க" என்றாள் மனைவி.

பகலில் குழந்தையோடு விளையாடுவதற்கு என்று நினைத்துக்கொண்டேன். அதையும் தோளில் போட்டுக்கொண்டு வந்து விரித்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. இருந்தாலும் உள்ளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. எப்படியோ போகட்டும், தனி அறை என்றால் தனி அறை. இன்றைக்குக் கட்டிலில் நானும் அவளும். மேனேஜர் இருமிய கதைகள் ஏராளமாகச் சேர்ந்து கிடந்தன. எதை முதலில் சொல்வது என்று வரிசைப்படுத்திக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்தது. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னறைக்குப் போனாள். நான் கட்டிலின் நடுவில் கம்பீரமாக உட்கார்ந்து காத்திருந்தேன். திரும்பி வந்தாள். தன் தலையணையை எடுத்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

"எங்க போற?"

"பின்னாடி அறைக்கு."

"நீ எதுக்கு?"

"நல்லா இருக்கே! இத்தனூண்டு குழந்தையைத் தனியா விட்டுட்டா? பெரியவங்க இருக்கற அறையிலதான் குழந்தை படுக்கணும்னு டாக்டர் சொன்னாங்களே. உங்க காதுல பாதிதான் விழுந்துச்சா?"

"அப்ப நானு?"

"உங்களுக்கு இனிமே இடைஞ்சலே இல்ல. முழுக் கட்டிலும் உங்களுக்குத்தான். நல்லா உருண்டு படுங்க."

பின்னறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் கட்டிலைப் பார்த்தேன். கட்டில் என்னைப் பார்த்தது. ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தபோது கொஞ்சமாவது உரிமை இருந்தது. இப்போது சுவரிலிருந்து தரைவரைக்கும் ஆட்சி என்னுடையது. ஆளத்தான் யாருமில்லை.

உருண்டு பார்த்தேன். சுவர் பக்கம் போனேன். அது அவளுடைய இடம். அந்த இடத்தில் மெத்தை லேசாகக் குழிந்திருந்தது. அதில் படுத்துப் பார்த்தேன். என் உடம்புக்கு அது பொருந்தவில்லை. எழுந்து மறுபடியும் என்னுடைய ஓரத்துக்கே வந்து படுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. அவள் பேசிக்கொண்டிருந்தாள். குழந்தையோடு. இருட்டில் பேசுகிற அதே குரலில்.

"...அப்புறம் என்னாச்சுன்னா பாப்பா, மேல் வீட்டு வயலின் வாத்தியார் இருக்காரில்ல, துணி காயப்போட பால்கனிக்கு வந்திருக்காரு. இடுப்புல துண்டு மட்டும். காத்துல கதவு டபால்னு சாத்திக்கிச்சு. உள்பக்கம் தாழ்! வீட்ல வேற யாரும் இல்ல. கீழ பாத்தா, வயலின் கத்துக்கற பொம்பளைங்க எல்லாம் வரிசையா வந்துட்டிருக்காங்க. உடனே வாத்தியார் என்ன பண்ணினாரு தெரியுமா..."

அதற்கு மேல் குரல் தாழ்ந்துவிட்டது. நான் சுவரோரம் உருண்டுபோய்க் காதை வைத்து அழுத்தினேன். ஒன்றும் புரியவில்லை. ஒரு சிரிப்பு மட்டும் கேட்டது. சத்தமில்லாத அந்தச் சிரிப்பில் கடைசியில் மட்டும் லேசாக மூச்சுச் சத்தம் வரும். அது கேட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: என் மகள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்குச் சேரவேண்டிய கதையை, இரண்டு பல் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தைகூடப் புரியாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்!

காலையில் பொறுக்கமுடியவில்லை. தட்டை நகர்த்திவைத்துக் கேட்டேன்.

"ஆமா, அந்த வயலின் வாத்தியார் கடைசியில எப்படி உள்ள போனாரு?"

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"ஊரே பேசுது."

"அப்படியா? நான் பாத்ததை யார்கிட்டயும் சொல்லலையே. பாப்பாகிட்ட மட்டுந்தானே சொன்னேன்."

முகத்தில் அசடு வழிந்ததைத் துடைத்துக்கொண்டு தொழிற்சாலைக்கு ஓடினேன். அன்று மேனேஜர் இருமியதைக்கூட நான் கவனிக்கவில்லை. அவரே கேட்டார், "என்ன செயலாளர், உடம்பு சரியில்லையா?" என்று.

நாட்கள் இப்படியே போயின. குழந்தை எப்படித் தூங்குகிறாள் என்று கேட்டால் "நல்லாத் தூங்குது" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஒவ்வொரு இரவும் கதவு சாத்தப்படும். ஒவ்வொரு இரவும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கதை ஆரம்பித்து, நல்ல இடத்தில் குரல் தாழ்ந்துவிடும். என்னிடம் பாதிக் கதைகளாகச் சேர்ந்துகொண்டே போயின.

கடைசியில் போராட்டத்தில் இறங்கினேன். சட்டைப் பையின் மேல் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு காலைச் சாப்பாட்டுக்கு வந்தேன்.

"ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. இது கண்டனம்."

"எதைக் கண்டிச்சு?"

வாசல்படியில் கேட்ட அதே கேள்விதான், வேறு உருவத்தில். உண்மை மறுபடியும் வாய்வரைக்கும் வந்தது. "பொதுவா" என்றேன்.

"சரி, முதல்ல சாப்பிடுங்க. வெறும் வயித்துல கண்டிக்காதீங்க."

அன்று மாலை கண்டனத்தைக் கழற்ற மறந்து சட்டையைத் துணிக்கூடையில் போட்டுவிட்டேன். பட்டை மட்டமான துணி போலிருக்கிறது. ஒன்றாக ஊறவைத்ததில் குழந்தையின் வெள்ளைச் சட்டைகள், ஜட்டிகள், தொப்பி எல்லாவற்றிலும் சாயம் இறங்கிவிட்டது. மறுநாள் முதலாளி தலைமுதல் கால்வரை கறுப்படித்த உடையில் கூடத்தில் தவழ்ந்து வந்தாள். என் போராட்டத்துக்கு ஆதரவு கொடுத்த ஒரே முதலாளி அவள்தான். சாயம் போகிறவரைக்கும் அத்தனையையும் கையால் தேய்த்துத் துவைத்தது நான்.

துவைத்ததைக் காயப்போடும்போது கம்பவுண்டர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தலைவரே, போராட்டம் எந்த அளவுல இருக்கு?"

"அலசிக்கிட்டு இருக்கேன்."

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? மேசைக்கு அடியில படுத்த அனுபவத்துல சொல்றேன். மானம் ரோஷம் பாக்காதீங்க. போய் விழுந்துடுங்க. நான் பாத்துப் பாத்து நாளைக் கடத்திட்டேன். இப்ப பிள்ளைங்க எல்லாம் அவங்கவங்க அறைக்குப் போயாச்சு. கட்டில்ல இடம் இருக்கு. ஆனா ரெண்டு பேருக்கும் பேசற பழக்கம் விட்டுப்போச்சு."

இந்தத் தடவை உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வரவில்லை. கம்பவுண்டர் ஒரு நிமிடம் காத்திருந்தார். பிறகு தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அன்று சாயங்காலமே வெள்ளைக் கொடியோடு போனேன். அவள் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நானும் பின்னாடி அறைக்கு வந்துடலாம்னு பாக்கறேன்."

"ஏன்? கட்டில் என்னாச்சு?"

"சத்தம் போடுது."

"ஆணியை முடுக்குங்க."

"முடுக்கிட்டேன். அதில்ல விஷயம். குழந்தை ஒரு அறையிலயும் தகப்பன் ஒரு அறையிலயும் இருந்தா அதோட வளர்ச்சிக்கு நல்லதில்ல. ரெண்டு பேரோட குரலும் கேக்கணும். பொதுவாச் சொல்றேன்."

அவள் கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். உதட்டோரத்தில் ஏதோ வந்து மறைந்தது.

"வரலாம். ஆனா சும்மா வந்து படுத்துட்டுப் போறதுன்னா எப்படி? பாப்பா விடியறதுக்கு முன்னாடியே முழிச்சுடும். அந்த நேரம் யாரு பாத்துக்கறது?"

நான் யோசித்தேன். இங்கே பேரம் பேசலாம். மேலே கேட்டுக் கீழே இறங்கலாம். ஆனால் போன தடவை மேலே கேட்டதன் வலி இன்னும் இடுப்பில் இருந்தது.

"நான் பாத்துக்கறேன்."

"தினமும்?"

"தினமும்."

"புட்டியில பால் கலந்து குடுத்து, துணி மாத்தி, பால்கனிக்குத் தூக்கிட்டுப் போயிடணும். எனக்குச் சத்தம் கேக்கக்கூடாது."

"கேக்காது."

"லீவு நாள்ல மதியமும்?"

"மதியமும்."

"நான் வேலைக்குத் திரும்பப் போனப்புறம் குளிப்பாட்டறது?"

"அதுவும் நான்தான்."

எங்கள் மேனேஜர் மட்டும் அந்த நேரத்தில் என்னைப் பார்த்திருந்தால், இருமலே நின்றுபோய் மனிதர் ஆரோக்கியமாகியிருப்பார். ஒரு ஷரத்தைக்கூட நான் மறுக்கவில்லை. "பரிசீலிக்கிறோம்" என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தையே மறந்துபோயிருந்தது. எனக்கு அவள் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு இடம் வேண்டும். குழந்தைக்கு அந்தப் பக்கமாகவாவது. கால்மாட்டிலாவது. வயலின் வாத்தியாரின் மீதிக் கதை காதில் விழுகிற தூரத்தில் எங்கேயாவது.

"அப்ப இன்னிலேருந்தே வந்துடுங்க" என்றாள்.

விளக்கு அணைந்த பிறகு தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனேன். கதவை மெதுவாகத் தள்ளினேன். திறந்துகொண்டது. தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் விழுந்திருந்தது. கீழே பெரிய மெத்தையில் அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நான் குழந்தை எங்கே என்று தேடினேன். வழக்கம்போல அவளோடு மெத்தையில்தான் இருப்பாள் என்று நினைத்திருந்தேன், காணோம். மரச்சட்டக் கட்டிலுக்குள் பார்த்தேன். முதலாளி கையையும் காலையும் பரப்பிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் மனைவி பக்கத்தில் படுத்தேன். நடுவில் யாருமில்லை. நான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டேன்.

"பாப்பா அதுல தூங்குதே!" என்றேன், கிசுகிசுவென்று.

"ம்."

"எப்படிப் பழக்கின?"

"பழக்கவே இல்ல. மொத நாள் சும்மா போட்டுப் பாத்தேன். பக்கத்துலயே உக்காந்து கதை சொன்னேன். பாதிக் கதையிலயே தூங்கிடுச்சு. நானும் அப்புறந்தான் ஒழுங்காத் தூங்கறேன். டாக்டர் சொன்னது சரிதான்."

"மொத நாளா? இந்த அறைக்கு வந்த மொத நாளா?"

"ஆமா."

எனக்குக் கணக்குப் புரிய ஆரம்பித்தது.

"அப்ப இத்தனை நாளா உன் பக்கத்துல..."

"யாருமில்ல. காலியாத்தான் கிடந்துச்சு. கதவுகூடத் தாழ் போடல."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு சொல்றது? நீங்க பாப்பாவோட பத்திரத்தைக் கேட்டீங்க. பத்திரமா இருந்துச்சு. தனி அறை கேட்டீங்க, கொடுத்தேன். வளர்ச்சின்னீங்க. என்னைக் கேக்கவே இல்லையே. நீ இல்லாமத் தூக்கம் வரல, நானும் வந்து படுத்துக்கறேன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா, அன்னிக்கே நகந்து இடம் விட்டிருப்பேன்." நான் படுத்திருந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள். "நானும் தினம் இந்தப் பக்கத்தைத் தடவிப் பாத்துட்டுத்தான் தூங்கினேன்."

எந்த மேனேஜரும் என்னை இப்படி வாயடைக்க வைத்ததில்லை. மெதுவாக அவள் பக்கம் திரும்பினேன். இத்தனை மாதங்களாகச் சேர்த்து வைத்தது எல்லாம் ஒரேயடியாகத் தொண்டைக்கு வந்தது.

"இப்பச் சொல்லட்டுமா? நீ இல்லாம..."

"நாளைக்குச் சொல்லுங்க" என்று போர்வையை என் மேலும் இழுத்துவிட்டாள். "இப்பத் தூங்குங்க. விடியக்காலையில உங்க ஷிப்டு."